வாக்குத்தத்த அட்டைக்குப் பின்னால் இருக்கும் அதிகாரம்: செட்டிநாட்டில் புதிதாக வேதம் வாசிப்பவர்களுக்கு

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்து காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் வீடு திரும்புகிறவர்கள் கையில் ஒரு சிறு அட்டை இருக்கும். ஒரு வசனம், ஓரத்தில் ஒரு பூ, கீழே அதிகார எண். அந்த ஆண்டு முழுவதும் அது பீரோ கண்ணாடியிலோ கடைக் கல்லாவுக்கு மேலோ ஒட்டியிருக்கும். அட்டையில் இருப்பது கடவுளின் வார்த்தைதான், அதில் ஐயமில்லை. ஆனால் அது ஒரு கடிதத்தின் நடுவிலிருந்தோ ஒரு பாட்டின் பாதியிலிருந்தோ எடுத்தது. அதற்கு முன்னும் பின்னும் இருந்த வரிகள் அட்டைக்கு வரவில்லை. புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்களும், பரம்பரைக் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து இப்போதுதான் தானாக வாசிக்கத் தொடங்குகிறவர்களும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தடம் மாறுகிறார்கள். கீழே சொல்வதெல்லாம் ஒரே வேலையைப் பற்றியது: வசனத்தை அதன் சொந்த வீட்டுக்குக் கொண்டுபோய், அங்கே வைத்து வாசிப்பது.

கையில் இருக்க வேண்டியவை

இரண்டு மொழிபெயர்ப்புகள், ஒரு 80 பக்க நோட்டு, ஒரு பென்சில். புராட்டஸ்டண்ட் சபைகளில் இன்றும் புழங்குவது 1871இல் வெளிவந்த மொழிபெயர்ப்பு. 'பழைய திருப்புதல்' என்பார்கள். கத்தோலிக்கர்கள் வாசிப்பது 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு, 'திருவிவிலியம்'. எந்தச் சபையாக இருந்தாலும் இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பழையதன் ஓசையும் கட்டுக்கோப்பும் மனத்தில் நிற்கும். புரியாத இடத்தைப் புதியது திறந்துவிடும். இரண்டும் வேறுபட்டுச் சொல்லும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். மூல எபிரெய, கிரேக்கச் சொல்லில் கவனிக்க ஏதோ இருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

பெயர்கள் மாறுவது முதல் வாரம் குழப்பும். ஆதியாகமம் அங்கே தொடக்க நூல், உபாகமம் இணைச்சட்டம், சங்கீதம் திருப்பாடல்கள், அப்போஸ்தலருடைய நடபடிகள் திருத்தூதர் பணிகள். புராட்டஸ்டண்ட் வேதத்தில் 66 நூல்கள், கத்தோலிக்க விவிலியத்தில் 73. புதிய ஏற்பாடு இருவருக்கும் ஒரே 27. மேற்கோள்களை இங்கே பழைய திருப்புதலின் பெயர்களிலேயே தருகிறோம்.

ஓரக்குறிப்பில் ஒத்தவாக்கியங்கள் உள்ள பதிப்பு கிடைத்தால் நல்லது. விளக்கவுரை நூல்களை முதல் மூன்று வாசிப்பு முடியும்வரை திறக்க வேண்டாம். பக்கத்தின் கீழே அச்சிட்ட விளக்கக் குறிப்பு மனிதர் எழுதியது, மேலே இருப்பதுதான் வேதம். இது சிறிய விஷயமாகத் தோன்றும். ஆனால் பல வீடுகளில் குறிப்பில் படித்ததையே "வேதத்தில் இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

1693இல் ஓரியூரில் மறைப்பணியாளர் அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) வெட்டுண்டு இறந்தபோது இந்தச் சீமையில் ஒருவர் கையிலும் அச்சிட்ட தமிழ்ச் சுவிசேஷம் கிடையாது. 1714, 1715 ஆண்டுகளில்தான் தரங்கம்பாடியில் புதிய ஏற்பாடு தமிழில் அச்சேறியது. இன்று இரண்டு மொழிபெயர்ப்புகளை மடியில் வைத்து ஒப்பிட முடிவது எவ்வளவு பெரிய கொடை என்பதை நினைத்துக்கொண்டே நோட்டைத் திறவுங்கள்.

ஒரு நூலை ஒரே அமர்வில் முடியுங்கள்

ஆதியாகமத்தில் தொடங்கி ஒரே ஆண்டில் முழு வேதத்தையும் முடிக்கிறேன் என்று இறங்காதீர்கள். 66 நூல்களில் 1,189 அதிகாரங்கள். நாளுக்கு மூன்றுக்கு மேல் வரும். லேவியராகமத்தின் பலிமுறைகளில் வேகம் குறைந்து, அங்கேயே விட்டுவிடுவதுதான் வழக்கமாக நடப்பது. பிலிப்பியருக்கு எழுதின நிருபத்தை எடுங்கள். 4 அதிகாரம், 104 வசனம். வாய்விட்டு வாசித்தால் 20 நிமிடம் போதும்.

முதல் வாசிப்பில் நிறுத்தாமல் போங்கள். இரண்டாவதில் திரும்பத் திரும்ப வரும் சொற்களை நோட்டில் எழுதுங்கள்: சந்தோஷம், கட்டுகள், சுவிசேஷம், சிந்தை. மூன்றாவதில் நான்கு கேள்விக்கு விடை எழுதுங்கள். எழுதினவர் யார், எங்கே இருக்கிறார், யாருக்கு எழுதுகிறார், ஏன் எழுதுகிறார். விடை நிருபத்துக்குள்ளேயே இருக்கிறது. பவுல் காவலில் இருக்கிறார் (1:13). பிலிப்பி சபையார் எப்பாப்பிரோதீத்துவின் கையில் அனுப்பிய உதவி வந்து சேர்ந்திருக்கிறது (4:18). அதற்கு நன்றி சொல்லும் இடத்தில்தான் "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்ற 4:13 வருகிறது.

இப்போது 11, 12ஆம் வசனங்களை வாசித்துப் பாருங்கள். தாழ்ந்திருக்கவும் தெரியும், வாழ்ந்திருக்கவும் தெரியும், திருப்தியாயிருக்கவும் பட்டினியாயிருக்கவும் போதிக்கப்பட்டேன் என்கிறார். அந்த 'எல்லாவற்றையும்' என்பதற்குள் பட்டினியும் அடக்கம். தேர்வில் முதல் மதிப்பெண் எடுக்கவும் புதுக் கடை திறக்கவும் இந்த வசனத்தை ஒட்டிவைப்பவர்கள் அதன் பாதியைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. கடை நொடித்தாலும் கிறிஸ்துவுக்குள் நிற்க முடியும் என்பதுதான் பவுல் சொல்வது. ஒட்டுகிறவர் எதிர்பார்த்ததைவிட அது பெரிய ஆறுதல்.

அதிகாரப் பிரிவு 13ஆம் நூற்றாண்டில் வந்தது. இன்று நாம் பயன்படுத்தும் வசன எண்கள் 1551இல் கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் வந்தவை. பவுல் எண் போட்டு எழுதவில்லை. முகவரி தேட எண்கள் உதவும், ஆனால் வசனம் முடிகிற இடத்தில் கருத்து முடிந்துவிட்டதாக நினைக்கக் கூடாது. வாசிக்கும்போது எண்ணைக் கண்ணால் தாண்டிப் பழகுங்கள்.

அட்டையை முன்வைத்து ஒரு பயிற்சி

அட்டைகளில் மிக அதிகம் வருகிற ஒன்று எரேமியா 29:11. "நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்... அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." இதை வீட்டுக்குக் கொண்டுபோவோம்.

29:1ஐத் திறந்தால் இது ஒரு கடிதம் என்று தெரியும். எருசலேமிலிருந்து எரேமியா எழுதுகிறார். பெறுகிறவர்கள் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் தன் நாட்டுக்குச் சிறைபிடித்துக்கொண்டுபோனவர்கள். 5ஆம் வசனத்திலிருந்து கட்டளைகள்: வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள், உங்களைச் சிறையாகக் கொண்டுபோன அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபியுங்கள். 10ஆம் வசனம்: எழுபது வருஷம் முடிந்த பின்பு திரும்பக் கொண்டுவருவேன். அதற்கு அடுத்ததுதான் அட்டை வசனம்.

இன்னும் ஒரு அதிகாரம் முன்னே போங்கள். 28இல் அனனியா என்கிற தீர்க்கதரிசி, இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்று ஆலயத்தில் நின்று சொல்கிறார். கேட்டவர்களுக்கு அது எவ்வளவு இனித்திருக்கும்! எரேமியாவோ அது பொய் என்கிறார். அந்த ஆண்டிலேயே அனனியா இறந்துபோகிறார். ஆக, 29:11ஐ முதலில் கேட்ட பெரியவர்களில் பலர் திரும்பி வருவதைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள். அவர்கள் பேரப்பிள்ளைகள்தான் பார்த்திருப்பார்கள்.

இதை அறிந்தபின் வசனம் சிறுத்துவிடுமா? சிங்கப்பூரிலோ துபாயிலோ வருஷக்கணக்கில் இருந்து ஊர் திரும்ப நாள் எண்ணுகிற மகனுக்கு, 'சீக்கிரம் நடக்கும்' என்ற வாக்கைவிட, 'நீ இருக்கிற இடத்திலேயே வீடு கட்டு, அந்த ஊருக்காக ஜெபி, நான் மறக்கவில்லை' என்ற வாக்கு அல்லவா தாங்கும்? ஒன்றை மட்டும் செய்யக் கூடாது: இந்த ஆண்டுக்குள் வேலை கிடைக்கும் என்று கடவுள் எழுதிக் கொடுத்த பத்திரமாக இதைக் காட்டக் கூடாது. அப்படிக் காட்டினால் நாம் எரேமியாவை விட்டு அனனியா பக்கம் போய் நிற்கிறோம். டிசம்பர் வந்தும் வேலை வராதபோது அடிபடுவது அந்தப் பிள்ளையின் விசுவாசம்.

நீ, நீர், நீங்கள், நாம், நாங்கள்

தமிழில் வாசிப்பவருக்கு ஒரு நல்ல கருவி இலவசமாகவே இருக்கிறது. பழைய திருப்புதலில் மரியாதைக்கு 'நீர்' வரும், 'நீங்கள்' என்றால் பலர். இதை நினைவில் வைத்து வாசித்தால் பல இடங்கள் திறக்கும்.

லூக்கா 22:31, 32ஐப் பாருங்கள். "சீமோனே, சீமோனே, கோதுமையைச் சுளகினால் புடைக்கிறதுபோலச் சாத்தான் உங்களைப் புடைக்கிறதற்கு உத்தரவு கேட்டுக்கொண்டான். நானோ உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன்." கூப்பிட்டது ஒருவரை, புடைக்கப்படுவது 'உங்களை', அதாவது சீஷர்கள் எல்லாரையும், ஜெபம் 'உனக்காக'. சுளகில் தானியம் புடைப்பதை நம் பக்கத்தில் பார்க்காதவர் குறைவு. தூசியும் பதரும் பறந்துபோக, மணி நிற்கும். யோவான் 3:7உம் இப்படித்தான். நிக்கொதேமுவிடம் பேசும்போது, "நீங்கள் மறுபடியும் பிறக்கவேண்டும் என்று நான் உனக்குச் சொன்னதை" என்கிறார் இயேசு. ஒருவரிடம் சொன்னாலும் சொன்னது எல்லாருக்கும்.

நாம், நாங்கள் விஷயத்தில் மட்டும் எச்சரிக்கை. கிரேக்கத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். மாற்கு 4:38இல் புயலில் சீஷர்கள் "நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா" என்று கேட்பதாக நம் மொழிபெயர்ப்பு சொல்கிறது. அவர்கள் இயேசுவையும் சேர்த்துச் சொன்னார்களா, தங்களை மட்டும் சொன்னார்களா என்பதை மூலம் பிரித்துக் காட்டவில்லை. மொழிபெயர்ப்பாளர் சூழலைப் பார்த்து முடிவு செய்திருக்கிறார். அதனால் நாம், நாங்கள் வேறுபாட்டின் மேல் ஒரு போதனையைக் கட்டக் கூடாது. நீ, நீங்கள் வேறுபாட்டின் மேல் தைரியமாக நிற்கலாம், ஏனென்றால் அது கிரேக்கத்திலேயே இருக்கிறது.

அந்த ஊர் மழை வேறு

நமக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை. வடகிழக்குப் பருவமழையில் ஊரணி நிரம்பினால் அந்த ஆண்டு தப்பியது. சித்திரை, வைகாசியில் கோடை மழை இடியோடு வந்து போவதும் பழக்கம். இந்தப் பழக்கத்தோடு 1 சாமுவேல் 12:17ஐ வாசித்தால் அது ஒன்றும் பெரிதாகத் தெரியாது. கோதுமை அறுப்பின் நாளில் சாமுவேல் வேண்டிக்கொள்ள, இடியும் மழையும் வருகிறது, ஜனங்கள் நடுங்கிப்போகிறார்கள். ஏன் நடுங்க வேண்டும்? இஸ்ரவேல் நாட்டில் மழை ஏறக்குறைய அக்டோபரிலிருந்து ஏப்ரல்வரைதான். கோதுமை அறுப்பு மே, ஜூன் பக்கம், வானம் வெறிச்சோடிக் கிடக்கும் காலம். அந்த நாளில் மழை என்பது நடவாத காரியம். நீதிமொழிகள் 26:1உம் அறுப்புக்காலத்து மழையைத் தகாத காரியம் என்று சொல்வது இதனால்தான்.

'முன்மாரி, பின்மாரி'யும் அப்படியே (யாக்கோபு 5:7). முன்மாரி விதைப்புக்கு நிலத்தை இளக்கும் முதல் மழை. பின்மாரி மார்ச், ஏப்ரலில் கதிர் முற்ற உதவும் கடைசி மழை. நம் தை அறுவடைக் கணக்கை வைத்துப் பார்த்தால் யாக்கோபு சொல்லும் பொறுமை எத்தனை மாதப் பொறுமை என்பது தப்பிவிடும்.

சில இடங்களில் நம் ஊர் வாழ்க்கையே கைகொடுக்கும். எரேமியா 2:13இல் 'தண்ணீர் நிற்காத வெடிப்புள்ள தொட்டிகள்' வருகிறது. ஊரணித் தண்ணீரை நம்பிப் பிழைத்த ஊர்க்காரருக்கு இதற்கு விளக்கமே வேண்டாம்.

லூக்கா 16இன் அநீதியுள்ள உக்கிராணக்காரனை எடுத்துக்கொள்ளுங்கள். உக்கிராணம் என்றதும் கல்யாண வீட்டில் அரிசி, பருப்பு, காய்கறிக்குக் காவல் இருப்பவர்தான் நினைவுக்கு வருவார். உவமையில் வருகிறவர் அதைவிடப் பெரியவர். எசமானின் பெயரில் கடன் கொடுத்து, கணக்கு வைத்து, பத்திரத்தைத் திருத்தும் அளவுக்கு அதிகாரம் உள்ளவர். பர்மாவில் நகரத்தார் கடைகளில் முதலாளி ஊரில் இருக்க, அங்கே பெட்டியில் உட்கார்ந்து கொடுக்கல் வாங்கலை நடத்திய மேலாளை நினைத்துக்கொண்டால் சரியாக இருக்கும். நூறு குடம் எண்ணெய் ஐம்பதாகிறது, நூறு கலம் கோதுமை எண்பதாகிறது. 'உன் சீட்டை வாங்கி' என்பதில் வரும் சீட்டு ஏலச்சீட்டோ குலுக்கல் சீட்டோ இல்லை, கடன் பத்திரம். எசமான் மெச்சியது 8ஆம் வசனத்தில் சொல்லியபடி அவனுடைய புத்தியை. அவனை 'அநீதியுள்ள' என்றே அதே வசனம் அழைக்கிறது. மோசடியை இயேசு பாராட்டினார் என்று சொல்வது அந்த ஒரு சொல்லைத் தாண்டிப் போய்விட்டதன் விளைவு.

சொல் பழையது, பொருள் மாறியது

பழைய திருப்புதலில் 'பரிதானம்' என்றால் லஞ்சம். பரிசு, தானம் என்று பிரித்து நல்ல பொருள் சொல்கிறவர்களும் உண்டு. யாத்திராகமம் 23:8ஐ ஒருமுறை வாசித்தால் தெளிந்துவிடும். 'ஆசாரியன்' ஆலயத்தில் பலி செலுத்துகிறவர். நம் ஊர்களில் மர வேலை செய்யும் ஆசாரியோடு சேர்த்து நினைக்கக் கூடாது. பொது மொழிபெயர்ப்பு அங்கே 'குரு' என்கிறது.

'சமாதானம்' இன்னும் கவனம் கேட்கும் சொல். நமக்கு அது சண்டை ஓய்வது. எபிரெயத்தில் அது குறைவின்மை, நலம், எல்லாம் தன் இடத்தில் இருப்பது. எரேமியா 29:7இல் பாபிலோனின் சமாதானத்தைத் தேடச் சொன்னபோது, அந்த ஊரின் கிணறும் வயலும் சந்தையும் நன்றாக இருக்க உழைக்கச் சொல்கிறார்.

ஒரு சொல்லின் பொருளில் சந்தேகம் வந்தால் இந்த வரிசையில் போங்கள்: அதே பத்தி, அதே நூல், அதே ஆசிரியரின் மற்ற நூல்கள், பிறகு முழு வேதம். அகராதி அதற்குப் பிறகு. தமிழ்ச் சொல்லை அசை அசையாகப் பிரித்து உட்பொருள் காண்பது கேட்க அழகாக இருக்கும். ஆனால் எரேமியா தமிழில் எழுதவில்லை.

பாட்டைப் பாட்டாக, கடிதத்தைக் கடிதமாக

கல்யாணப் பத்திரிகையை வாசிக்கிற மாதிரி கிரயப் பத்திரத்தை யாரும் வாசிப்பதில்லை. வேதத்துக்குள்ளும் பல வகை எழுத்து உண்டு.

நீதிமொழிகள் பழமொழிகள். 'ஆறின கஞ்சி பழங்கஞ்சி' என்கிறோம், 'பதறாத காரியம் சிதறாது' என்றும் சொல்கிறோம். இரண்டும் உண்மை, எது எந்த நேரத்துக்கு என்பதை அறிவதுதான் ஞானம். நீதிமொழிகள் 26:4, 5 இதையே செய்கின்றன: மூடனுக்கு அவன் மதியீனத்தின்படி மறுஉத்தரவு கொடாதே, அடுத்த வரியில் கொடு. அதனால் "பிள்ளையானவன் நடக்கவேண்டிய வழியிலே அவனை நடத்து" (22:6) என்பதைக் கடவுள் கையெழுத்திட்ட உத்தரவாதமாக எடுத்து, பிள்ளை வழி தவறிய பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள். அது வாழ்க்கையின் பொதுவான போக்கைச் சொல்லும் ஞானவாக்கு. ஏற்கனவே புண்பட்டிருக்கும் தாயின் மேல் இந்த வசனத்தை எறிவது வேதத்துக்கும் அநியாயம், அந்தத் தாய்க்கும் அநியாயம்.

எபிரெயப் பாட்டு எதுகை மோனையில் ஓடுவதில்லை. ஒரே கருத்தை இரண்டு வரியில் இரண்டு விதமாகச் சொல்லும். "உம்முடைய வசனம் என் கால்களுக்குத் தீபமும், என் பாதைக்கு வெளிச்சமுமாயிருக்கிறது." தீபத்துக்கு ஒரு பொருள், வெளிச்சத்துக்கு வேறு பொருள் என்று தேட வேண்டாம். அந்த 119ஆம் சங்கீதம் எபிரெய எழுத்து 22க்கும் எட்டெட்டு வசனமாக 176 வசனம், நம் அகர வரிசை நீதிப் பாடல்களைப் போல. தமிழ் வேதத்தில் ஆலெப், பேத் என்று தலைப்பு வருவது இதனால்தான்.

வரலாற்றுப் பகுதிகளில் நடந்ததெல்லாம் கட்டளை ஆகாது. கிதியோன் தோலைக் களத்தில் போட்டு அடையாளம் கேட்டார் (நியாயாதிபதிகள் 6:36-40). பெண் பார்க்கவும் நிலம் வாங்கவும் இப்படி அடையாளம் கேட்கிறவர்கள் உண்டு. ஆனால் இஸ்ரவேலை மீட்கப் போ என்று 14ஆம் வசனத்திலேயே கடவுள் தெளிவாகச் சொல்லிவிட்டார். "நீர் சொன்னபடி" என்று கிதியோனே 36இல் ஒப்புக்கொள்கிறார். தோல் அவருடைய பயத்துக்குக் கடவுள் காட்டிய பொறுமை, நமக்குக் கொடுத்த முறை என்று அந்தப் பகுதி எங்கும் சொல்லவில்லை. தாவீதின் ஐந்து கூழாங்கற்களுக்கு ஐந்து ஆவிக்குரிய பெயர் வைப்பதும் இந்த வகைத் தவறுதான். யுத்தம் கர்த்தருடையது என்று 1 சாமுவேல் 17:47 வெளிப்படையாகவே சொல்லும்போது, கல்லுக்குள் வேறு செய்தி தேடுவானேன்?

வெளிப்படுத்தின விசேஷத்தைக் கடைசியில் வையுங்கள். அது ஆசியாவின் ஏழு சபைகளுக்கு அனுப்பப்பட்டது (1:11). அவர்களுக்குப் புரியாத ஒன்றை அதன் முதற்பொருளாகச் சொல்லக் கூடாது. அரசாங்கம் புதிதாக ஓர் அட்டை கொடுக்கும்போதெல்லாம் 666 என்று கிளம்பும் பேச்சு இந்தச் சோதனையில் நிற்காது. தானியேல், எசேக்கியேல், சகரியா மூன்றையும் வாசித்தபின் இதைத் திறந்தால் மிருகங்களும் கொம்புகளும் பழகிய முகங்களாகத் தெரியும்.

ஒரு போதனைக்கு எல்லா வசனமும் வேண்டும்: வட்டியை எடுத்துக்கொள்வோம்

கொடுக்கல் வாங்கலில் வளர்ந்த சீமை இது. 'கிறிஸ்தவர் வட்டி வாங்கலாமா?' என்ற கேள்வி இங்கே வராமல் இருக்காது. ஒருவர் யாத்திராகமம் 22:25ஐக் காட்டிக் கூடவே கூடாது என்பார். இன்னொருவர் லூக்கா 19:23ஐக் காட்டுவார்: "ஏன் நீ என் திரவியத்தைக் காசுக்கடையிலே வைக்கவில்லை", வைத்திருந்தால் வட்டியோடு வாங்கியிருப்பேனே என்று எசமான் சொல்கிறானே என்பார். இருவர் கையிலும் வசனம் இருக்கிறது.

நோட்டில் ஒரு பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதுங்கள்: யாத்திராகமம் 22:25-27, லேவியராகமம் 25:35-37, உபாகமம் 23:19-20, நெகேமியா 5, சங்கீதம் 15:5, எசேக்கியேல் 18:8, மத்தேயு 25:27, லூக்கா 6:34-35, 19:23. ஒவ்வொன்றுக்கும் எதிரே யாருக்குக் கொடுக்கும் கடன், ஏன் வாங்கினான் என்று குறியுங்கள். எழுதும்போதே ஒன்று தெரியவரும். யாத்திராகமத்தில் கடன் வாங்குகிறவன் 'சிறுமைப்பட்டிருக்கிறவன்'. அடகு வைப்பது இரவில் போர்த்திக்கொள்ளும் துணி, பொழுதுபோகுமுன் திருப்பிக் கொடுக்க வேண்டும். லேவியராகமத்தில் 'கையிளைத்துப்போனவன்'. நெகேமியாவில் பஞ்சத்தில் வயலை அடகு வைத்துப் பிள்ளைகளை அடிமையாக விட்டவர்கள். உபாகமம் அந்நியனிடம் வாங்கலாம் என்று தனியாகப் பிரிக்கிறது. லூக்கா 19ஓ உவமை. கணக்குக் கேட்கும் நாளைப் பற்றியது. வட்டி அதில் சந்தை வழக்கமாக வந்துபோகிறது. உவமையில் வந்துபோகும் பொருளிலிருந்து சட்டம் எடுக்கக் கூடாது. எடுத்தால் லூக்கா 18இன் அநீதியுள்ள நியாயாதிபதியை வைத்துக் கடவுளின் குணத்தையும் தீர்மானிக்க வேண்டிவரும். லூக்கா 6:35இல் இயேசு இன்னும் மேலே போகிறார்: கைம்மாறு கருதாமல் கடன் கொடுங்கள், சத்துருவுக்கும்.

பக்கம் நிறைந்தபின் முடிவு தானாக வரும். வங்கி வைப்புக்கு வரும் வட்டியைப் பாவம் என்று சொல்ல இந்த வசனங்கள் போதாது. மருத்துவச் செலவுக்குக் கையேந்தி வந்தவரிடம் கந்துவட்டியோ மீட்டர் வட்டியோ வாங்குவதை யாத்திராகமமும் லேவியராகமமும் நெகேமியாவும் விட்டுவைக்கவில்லை. ஒற்றை வசனத்தோடு வந்த இருவருமே இதைப் பார்க்கவில்லை.

பழைய ஏற்பாட்டுக் கட்டளை நமக்கா?

லேவியராகமம் 19ஐத் திறந்து மூன்று வசனம் பாருங்கள். 13: கூலிக்காரன் கூலியை விடியுமட்டும் வைத்திராதே. 18: உன்னில் நீ அன்புகூருவதுபோல் பிறனிலும் அன்புகூரு. 19: இருவகை நூல் கலந்த துணி உடுத்தாதே. அடுத்தடுத்து இருக்கின்றன, எதை எப்படி எடுப்பது?

உயிர்த்தெழுந்த இயேசு எம்மாவுக்குப் போகும் வழியில் மோசே முதல் தீர்க்கதரிசிகள்வரை தம்மைக்குறித்துச் சொல்லியவற்றை விளக்கினார் (லூக்கா 24:27). கிறிஸ்தவ வாசிப்புக்கு அதுவே வாசல். ஒவ்வொரு கட்டளையையும் அவரிடம் கொண்டுபோய், அவரும் அப்போஸ்தலரும் அதை என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். 18ஐ இயேசு பெரிய கற்பனைகளில் ஒன்றாக வைத்தார். 13ஐ யாக்கோபு 5:4 திரும்ப முழங்குகிறது. 19 இஸ்ரவேலைப் பிற ஜனங்களிலிருந்து பிரித்துக் காட்டிய அடையாளங்களின் கூட்டத்தைச் சேர்ந்தது. விசுவாசத்துக்கு வந்த பிற இனத்தார் மேல் மோசேயின் சட்ட நுகத்தைச் சுமத்த வேண்டாம் என்று அப்போஸ்தலர் 15இல் சபை முடிவு செய்துவிட்டது. கட்டளையைத் தூக்கி எறியவில்லை. பரிசுத்தமாய் வேறுபட்டிருங்கள் என்ற அதன் உள்நோக்கம் இன்னும் நம் மேல் இருக்கிறது.

நமக்கு என்று எடுக்கும்போது

இதுவரை வந்தபின்தான் 'இது எனக்கு என்ன சொல்கிறது' என்ற கேள்வி. சீக்கிரம் வந்தால் நாம் கேட்க விரும்பியதையே வசனம் சொல்வதுபோல் தோன்றும். கண்ணை மூடிப் பக்கத்தைத் திறந்து விரல் வைக்கும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள்.

உங்களைக் கண்டிக்கும் வரியை முதலில் எழுதுங்கள். மல்கியா 3:10, தசமபாகத்தை (பத்தில் ஒரு பங்கை) பண்டசாலைக்குக் கொண்டுவாருங்கள், வானத்தின் பலகணிகளைத் திறப்பேன் என்ற வசனம், கடைகளில் விரும்பி மாட்டப்படுவது. பண்டசாலை என்பது ஆலயத்தின் தானிய அறை. நெகேமியா 13:10-12இல் அங்கிருந்து தங்களுக்குரிய பங்கு வராததால் ஆலயப் பணி செய்த லேவியர்கள் வயலுக்கு ஓடிப்போனார்கள். அதே மல்கியா 3இல் 5ஆம் வசனம், கூலிக்காரரின் கூலியை அபகரிக்கிறவர்களுக்கு விரோதமாகக் கர்த்தர் தாமே சாட்சியாக வருவதாகச் சொல்கிறது. 10ஐ மாட்டுகிற கடையில் 5க்கும் இடம் வேண்டும். சனிக்கிழமைக் கூலி சனிக்கிழமையே கொடுக்கப்பட வேண்டும்.

எடுத்த பொருளைத் தனியாக வைத்துக்கொள்ளாதீர்கள். பெரோயா பட்டணத்தார் பவுல் சொன்னதையே தினந்தோறும் வேதத்தில் ஆராய்ந்து பார்த்தார்கள் (அப்போஸ்தலர் 17:11), அதுவும் கூட்டமாக. கத்தோலிக்கர்கள் பங்குத்தந்தையிடமும் திருச்சபையின் போதனையிலும், சி.எஸ்.ஐ. போன்ற சபையார் ஆயரிடமும் வேதபாட வகுப்பிலும் நோட்டைக் காட்டுங்கள். இரண்டாயிரம் ஆண்டில் ஒருவரும் காணாத பொருள் உங்களுக்கு மட்டும் கிடைத்திருந்தால், திரும்ப முதல் வாசிப்பிலிருந்து தொடங்குவது நல்லது.

முதல் எட்டு வாரம்

வாரத்துக்கு நான்கு நாள், நாளுக்கு 30 நிமிடம். உம்முடைய வேதத்திலுள்ள அதிசயங்களைப் பார்க்கும்படிக்கு என் கண்களைத் திறந்தருளும் என்ற சங்கீதம் 119:18ஐ ஜெபமாகச் சொல்லித் தொடங்குங்கள். முதல் இரண்டு வாரம் பிலிப்பியர், மேலே சொன்னபடி. மூன்றாம் வாரம் ரூத்: 4 அதிகாரம், 85 வசனம், அறுவடை, நிலம், உறவுமுறைக் கடமை என்று நமக்கு அந்நியமில்லாத உலகம். நான்கிலிருந்து ஆறுவரை மாற்கு. 16 அதிகாரத்தையும் ஒரு ஞாயிறு மாலை ஏறக்குறைய 2 மணி நேரத்தில் வாய்விட்டு வாசித்துவிட்டு, பிறகு வாரத்துக்கு ஐந்தாறு அதிகாரமாகத் திரும்பப் போங்கள். ஏழில் சங்கீதம் 1, 15, 23, 51, நாளுக்கு ஒன்று. எட்டாம் வாரம் எரேமியா 26 முதல் 29வரை.

அதற்குள் அட்டை இன்னும் பீரோ கண்ணாடியில் இருக்கும். அதை எடுத்து, பின்பக்கத்தில் அந்த வசனம் யாருக்கு, எப்போது, எதற்காகச் சொல்லப்பட்டது என்று மூன்று வரி எழுதி, மறுபடி ஒட்டுங்கள்.